ஜாடியில் ஊறிய பழம்

அணுபுரம் குடியிருப்பில் ஜெஸ்ஸியைத் தெரிந்தவர்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வாள். மார்த்தாண்டத்துப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், அணுமின் நிலையத்தில் ஒத்திகைக்காக ஊதிய அபாயச் சங்கை நிஜமென்று நம்பி, அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் ஈர மணலைத் தாண்டமாட்டாள். சவுக்குத் தோப்புக்குள் காற்று அடித்து ஊளையிட்டால் ஜன்னலைச் சாத்துவாள். மகள் அனு பிறந்த பிறகு பயப்படுவதற்கான காரணங்கள் இன்னும் பெருகின.

அவள் துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் பழம் ஊறப்போடுவாள்.

ஜெஸ்ஸியின் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கான்டீனில் கிடைக்கும் ரம்மில்தான் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்கான பழங்கள் ஊறும். ஜெஸ்ஸி அதைக் கையோடு அணுபுரத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். உயரமான பீங்கான் ஜாடி. ஆடி மாதம் வேலைக்காரி பொன்னி சாலையோரத்து மரத்தடியில் பொறுக்கிவரும் நாவல்பழம் முதலில் உள்ளே போகும். பிறகு கறுப்பு திராட்சை, பேரீச்சை, புதுப்பட்டினம் சந்தையில் வாங்கிய அன்னாசி. ஒவ்வொன்றையும் ஈரமில்லாமல் துடைத்து, பட்டை, கிராம்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, பழம் மூழ்கும்வரை ரம்மை ஊற்றி, வாயில் துணி கட்டி சமையலறை அலமாரியின் இருட்டில் வைத்துவிடுவாள். பழம் ரம்மைக் குடிக்கும், ரம் பழத்தைக் குடிக்கும். டிசம்பரில் வடிகட்டினால் பழம் கேக்குக்கு. கருஞ்சிவப்பாக இறங்கும் சாறு சின்னச் சின்னப் புட்டிகளுக்கு. அவள் கணவன் கிறிஸ்துதாஸ் வாயில் ஒரு சொட்டு விடமாட்டான். தேவாலயக் கமிட்டியில் இருப்பவன். புட்டிகள் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குப் போகும். ஒன்று மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

அந்த ஒன்றைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டு நரசிம்மன் கிறிஸ்துதாஸுக்கு மேலதிகாரி. நெற்றியில் திருமண் இல்லாமல் வாசல் தாண்டாத மனிதர். ஒரு வருஷம் கேக் கொடுக்கப் போனபோது, அது முட்டை போட்டது என்று மனைவி அமிர்தவல்லி பதமாக மறுத்துவிட்டாள். அவள் உள்ளே போனதும் நரசிம்மன் குரலைத் தாழ்த்தி, "கேக் வேண்டாம்மா. அதுல ஊத்தற சமாச்சாரம் கொஞ்சம் கெடைக்குமோ?" என்று கேட்டார். ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு புட்டி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கை மாறும். தை பிறக்கும்வரை தினம் ஒரு மூடி குடிப்பாராம். அவருக்குத் தெரிந்த ஒரே திருட்டுத்தனம் அதுதான்.

தொண்ணூற்றெட்டில் ஜெஸ்ஸியின் அப்பா இறந்துபோனார். கான்டீன் ரம்மும் நின்றது. வீட்டில் மீந்திருந்த புட்டிகள் ஒரு வருஷத்துக்குத் தாக்குப்பிடித்தன. அடுத்த வருஷம் ஜாடி பாதிதான் நிறைந்திருந்தது. மேலே நின்ற அன்னாசித் துண்டுகள் வறண்டு தெரிந்தன. "ஒயின்ஷாப்புல ஒண்ணு வாங்கிட்டு வரப்பிடாதா?" என்று கேட்டாள்.

"நான் போய் அந்தக் கடையில நிக்கவா? நாளைக்குக் கோயில்ல ஒருத்தன் பாக்கியில்லாம பேசுவான்," என்றான் கிறிஸ்துதாஸ்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வீட்டுக்கு வந்தது. நண்பன் ஒருவனின் கான்டீன் சரக்கு என்று கிறிஸ்துதாஸ் சொன்னான். நிறமில்லாமல் இருந்தது. ரம் இப்படி இருக்காதே என்று ஜெஸ்ஸி கேட்டதற்கு, "இது சாயம் சேர்க்காதது. நல்ல ஒரிஜினல்," என்றான். அவள் ஜாடியில் ஊற்றிக் கிளறினாள். அடுத்த ஞாயிறு வடிகட்டினாள். கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எரிச்சல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பழத்தைப் பாத்திரத்தில் போட்டு குளிர்பெட்டியில் வைத்தாள். ஒரு புட்டி நிரப்பியது போக மீதிச் சாறு ஜாடிக்கே திரும்பியது. அன்று மாலை அமிர்தவல்லி திருப்பாவை வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், மொட்டைமாடியில் நரசிம்மனிடம் முதல் புட்டியைக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்ன கலர்மா!" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை பொன்னி வேலைக்கு நேரத்தில் வரவில்லை. கிறிஸ்துதாஸும் அனுவும் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்து, தலை வாராமல், முகம் வீங்கி, வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் இன்னிக்கு வேலக்கி வர்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வூட்டுக்காரரு தம்பி செத்துட்டாருக்கா."

"யாரு, ஆனந்தனா? போன வாரம் கூட நல்லாத்தானே இருந்தான்! என்ன ஆச்சு?"

"நேத்து சாராயப் பாக்கெட்டு குடிச்சிட்டு வந்து படுத்தாரு. விடியறப்ப வவுத்த வலிக்குது, கண்ணு தெர்லன்னு கத்துனாரு. வெளக்கு போட்டு வெச்சிகினு கீறோம், 'வெளக்கு போடுங்கடி'ன்னு கத்தறாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வழிலயே போய்ட்டாரு. எங்க தெருவுல மட்டும் இன்னும் நாலஞ்சு பேரு கீறாங்க அந்த மாதிரி." பொன்னி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு ஜெஸ்ஸியை நேராகப் பார்த்தாள். "சரக்கு போட்டவன் ராஜேந்திரன். வேன் ஓட்டுவானே, அவன். ஒங்க வூட்டுக்குக் கேன் கொண்டாந்து குடுத்தான் பாரு, அவனேதான். நான்தான வாங்கி உள்ள வெச்சேன்."

ஜெஸ்ஸி சமையலறை அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா குடிக்கமாட்டாரு, தெரியும். நீ குடிச்சியாக்கா?"

"இல்ல... நாக்குல வச்சேன்."

"அந்தக் கேனக் கொட்டிடாதக்கா," என்றாள் பொன்னி. "சரக்கு பூரா ராவோட ராவா கொளத்துல ஊத்திட்டு ஓடிட்டானுங்க. போலீஸ் வந்து தேடறான், ஒரு பாக்கெட்டு கூட மிச்சமில்ல. நாளைக்கி அவன் இல்லவே இல்லன்னுவான்." சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜெஸ்ஸி கதவைத் தாளிட்டாள். முதலில் குளிர்பெட்டியைத் திறந்தாள். பழப் பாத்திரத்தின் மேல் கட்டிய துணியின் முடிச்சு அவிழாமல் இருந்தது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. அனு காலையில் குளிர்பெட்டியைத் திறந்ததைப் பார்த்த நினைவு வந்தது. தண்ணீருக்கா, வேறெதற்கா? செருப்பு எந்தக் காலில் எது என்று பாராமல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். டீச்சரிடம் ஏதோ சொல்லிப் பிள்ளையை வெளியே அழைத்து, தோளைப் பிடித்துக் கேட்டாள்.

"ஃபிரிட்ஜுல இருந்த பழத்த எடுத்துத் தின்னியா? உண்மையச் சொல்லு மக்ளே, அம்மை அடிக்கமாட்டேன்."

"இல்லம்மா."

"ஒண்ணே ஒண்ணு? ஒரு திராட்சை?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. ஏம்மா செருப்ப மாத்திப் போட்டிருக்க?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெயிலில் கண் கூசியது. அது வெயிலா, நாக்கில் வைத்த அந்தத் துளியா என்று அவளுக்குப் புரியவில்லை. எதிரே வந்த பஸ்ஸின் பலகையைப் படித்துப் பார்த்தாள். திருக்கழுக்குன்றம். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. ஆனாலும் அடுத்த கடையின் பெயர்ப்பலகையையும், அதற்கடுத்ததையும் படித்துக்கொண்டே வந்தாள்.

கிறிஸ்துதாஸின் அலுவலகத்துக்கு போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"கான்டீன் சரக்குன்னு சொன்னீங்களே!"

"அவன் டிஸ்டிலரியில இருந்து வந்ததுன்னு சொன்னான். நான் நம்பிட்டேன்." அவன் குரல் சட்டென்று தாழ்ந்தது. "எடி, கேளு. ஜாடிய அப்படியே கொட்டிரு. கேனைக் கழுவிக் கவுத்திரு. பழத்தையும் பொதைச்சிரு. யார்கிட்டயும் வாய் தொறக்காத. தெரிஞ்சா எனக்க வேலையும் போவும், ஜெயிலும் கிடைக்கும்."

"நரசிம்மன் சார்கிட்ட புட்டி இருக்கு."

"அதை நான் பாத்துக்கிடுவேன். அவரு இஞ்சதான் இருப்பாரு."

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அவரு குடிக்கலியாம். நீ பேடிக்காத. ஜாடியக் கொட்டு."

ஜெஸ்ஸி ஜாடியைத் தூக்கி சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள். சிவப்பாக ஓடி இறங்கியது. அன்னாசியும் பட்டையும் கலந்த அந்த மணம், அவள் அப்பா வீட்டு மணம், இப்போது குமட்டியது. கேனை எடுத்தாள். அடியில் ஒரு டம்ளர் அளவு மிச்சமிருந்தது. மூடியைத் திருகும்போது பொன்னி சொன்னது நினைவுக்கு வந்தது. கை நின்றது. கேனை மறுபடி இறுக்கி மூடி, எங்கே வைப்பது என்று தெரியாமல், குளியலறை வாளிக்குள் வைத்து மேலே அழுக்குத் துணியைப் போட்டாள். கொட்டினாலும் பயம், வைத்துக்கொண்டாலும் பயம்.

நரசிம்மன் சார் குடிக்கவில்லை. நல்லது. ஆனால் கிறிஸ்துதாஸ் அதைச் சொன்ன வேகம் அவளை உறுத்தியது. எட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவன் பொய் சொல்லும் குரல் தெரியாதா? கான்டீன் சரக்கு என்றபோதும் இதே குரல்தான். அன்று கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அமிர்தவல்லி உதட்டில் விரலை வைத்துக்கொண்டே திறந்தாள்.

"மெதுவாப் பேசு. அவர் ஆபீஸ்லேர்ந்து பாதியிலேயே வந்துட்டார். தலைவலிங்கறார். ஜன்னல் எல்லாம் சாத்தச் சொல்லிட்டுப் படுத்துண்டிருக்கார். வெளிச்சம் ஆகலையாம்."

ஜெஸ்ஸி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தலைவலி எல்லாருக்கும் வருவதுதானே? தானாக வாயைத் திறந்தால் கணவன் வேலை, வீடு, அனுவின் பள்ளிக்கூடம், எல்லாம் போகும். ஜெயிலும் கிடைக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். அப்போது ஆனந்தன், விளக்கு எரியும்போதே விளக்கைப் போடச் சொல்லிக் கத்தியது ஞாபகம் வந்தது.

"மாமி, அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"எதுக்கு? மாத்திரை போட்டுண்டிருக்கார்."

"நான் ஒரு புட்டி கொடுத்தேன், மாமி. நேத்து. பழம் ஊறின சாராயம். அதுல விஷம் இருக்கு."

அமிர்தவல்லி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "யாருக்குக் குடுத்தே? எங்காத்துக்காரருக்கா? அவர் வெங்காயம் தொடமாட்டார்டி! என்ன பேத்தறே?"

ஜெஸ்ஸி அவளைத் தாண்டி உள்ளே போனாள். அந்த வீட்டின் படுக்கையறைக்குள் அவள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. இருட்டில் நரசிம்மன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"சார், நேத்து குடிச்சீங்களா?"

"கிறிஸ்துதாஸும் கேட்டான். இல்லேன்னு சொன்னேனே."

"எவ்வளவு சார்?"

"இல்லேங்கறேன்..." குரலில் எரிச்சல். பின்னாலேயே அமிர்தவல்லி நிற்பது அவருக்குத் தெரியும்.

ஜெஸ்ஸி கட்டிலருகே மண்டியிட்டாள். "சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கண்ணு முன்னால பனி மூடினாப்ல தெரியுதா?"

அவர் சுவரிலிருந்து அவள் பக்கம் புரண்டார். பிறகு, மிக மெதுவாக, "ஆமாம்," என்றார். "காலைலேர்ந்து. ஃபைல்ல ஒரு எழுத்து தெரியலை. வயசாயிடுத்துன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே குடிச்சேன். நன்னா இருந்தது."

அமிர்தவல்லி கதவோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குடியிருப்பு ஆஸ்பத்திரியில் அன்று கீர்த்தனா என்ற இளம் டாக்டர் இருந்தார். ஜெஸ்ஸி எதையும் மறைக்கவில்லை. கேனை யார் கொண்டுவந்தது, எப்போது ஊற்றியது, எவ்வளவு ஊற்றியது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, "இதைப் போலீஸுக்கு நான் தெரிவிச்சே ஆகணும், தெரியுமில்ல?" என்று கேட்டார். ஜெஸ்ஸி தலையசைத்தாள்.

"ஜாடியில முதல்லயே நல்ல ரம் இருந்ததா?"

"பாதி ஜாடி இருந்தது, டாக்டர்."

"அதுதான் இவரை இவ்வளவு நேரம் காப்பாத்தியிருக்கு. நல்ல சாராயம் உடம்புல இருக்கிறவரைக்கும் விஷச் சாராயம் வேலையைக் காட்டாது. அது இறங்க இறங்க இது ஏறும். இனிமேதான் ஆபத்து." டாக்டர் அமிர்தவல்லியின் பக்கம் திரும்பினார். "சென்னைக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. அதுவரைக்கும் இவருக்கு நல்ல பிராந்தி குடுக்கணும்மா. ஜூஸ்ல கலந்து, விடாம. இந்த விஷத்துக்கு இப்போ கைவசம் இருக்கிற மாத்து மருந்து அதுதான்."

அமிர்தவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய புட்டியோடு ஓடிவந்தபோதுதான் புரிந்தது. நரசிம்மன் நர்ஸின் கையைத் தள்ளினார். வாந்தி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இங்கே குடுங்கோ," என்றாள் அமிர்தவல்லி. டம்ளரைக் கையில் வாங்கினாள். வாடை முகத்தில் அடித்தபோது அவள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். இன்னொரு கையால் கணவரின் பின்தலையைத் தாங்கினாள். "குடிங்கோ. எனக்குத் தெரியாமக் குடிக்கத் தெரிஞ்சதோல்லியோ? இப்போ நான் பார்க்கக் குடிங்கோ."

அவர் குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி டம்ளரைப் பிடித்தாள். ஜெஸ்ஸி வாசற்பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகவும் தைரியமில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போது அமிர்தவல்லி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாக்கில் வைத்த துளியால் ஜெஸ்ஸிக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும், அன்று சாயங்காலம் முழுக்க அவள் ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துதாஸ் வந்ததும் முதலில் கேட்டது கேனைத்தான்.

"கொட்டிட்டியா?"

"இல்ல. பாத்ரூம்ல இருக்கு."

அவன் வாளியிலிருந்து கேனை எடுத்துத் திறக்கப் போனான். ஜெஸ்ஸி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனை மறித்தது அதுவே முதல் தடவை. "ஆனந்தன் செத்துட்டான். அந்தத் தெருவுல இன்னும் எத்தனை பேருன்னு தெரியாது. இதைக் கொட்டினா ராஜேந்திரனுக்கு எதிரா ஒரு பொட்டு சாட்சி கிடையாது."

"நம்மளையும் சேத்துத்தான் பிடிப்பான்! ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருக்கு," என்றாள். மணிக்கட்டை விடவில்லை. "பயந்துக்கிட்டேதான் சொல்லுதேன். கேனை வையுங்க."

அவன் வைத்தான். வைத்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, "அவர்கிட்ட நான் தனியாக் கூட கேக்கல ஜெஸ்ஸி," என்றான். "நாலு பேரு இருக்கும்போது, 'சார் நீங்க அதெல்லாம் தொடமாட்டீங்கல்லா?'ன்னு கேட்டேன். அவரு இல்லன்னாரு. அந்த இல்ல எனக்குப் போதுமா இருந்துச்சு."

போலீஸ் அன்றே வந்தது. கேனையும் காலி ஜாடியையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வந்த ஏட்டு ஜாடியை முகர்ந்து பார்த்து, "வூட்லயே ஊறல் போட்டுகினு கீறீங்களா?" என்றார். கள்ளச்சாராயம் காய்ச்சப் போடுவதற்கும் ஊறல் என்றுதான் பெயர், அதற்கு ஜெயில் உண்டு என்று ஜெஸ்ஸிக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவள் அதைப் பழத்துக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நரசிம்மன் பிழைத்தார். ஆனால் பார்வை பழையபடி திரும்பவில்லை. ஆள் அசைவதும் வெளிச்சமும் தெரியும், முகமும் எழுத்தும் தெரியாது. வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டார். கிறிஸ்துதாஸை இடைநீக்கம் செய்தார்கள். நீண்ட விசாரணைக்குப் பிறகு பதவியிறக்கத்தோடு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தேவாலயக் கமிட்டியிலிருந்து அவனாகவே விலகினான். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் வெறும் ரவா கேக்தான்.

அமிர்தவல்லி பல மாதங்கள் ஜெஸ்ஸியோடு பேசவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிர்ப்பட்டால், வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஒருநாள் இறங்காமல் நின்றாள்.

"விஷம் குடுத்தேன்னு எனக்குக் கோபமில்லை," என்றாள். "அது உனக்கே தெரியாது. வந்து சொன்னியே, அதனாலதான் அவர் உசிரோட இருக்கார். ஆனா முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாத ஒண்ணு, அடுத்தாத்துக்காரிக்குத் தெரிஞ்சிருந்தது பாரு. அதைத்தான் என்னால முழுங்க முடியலை."

ஜெஸ்ஸி துணிக்கவ்விகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாயங்காலம் வந்து அவருக்கு இங்கிலீஷ் பேப்பர் படிச்சுக் காட்டு," என்றாள் அமிர்தவல்லி. "எனக்கு இங்கிலீஷ் வராது."

அவர்கள் தாம்பரத்தில் மகன் வீட்டுக்குப் போகும்வரை ஜெஸ்ஸி தினமும் போய்ப் படித்தாள். நரசிம்மன் கிரிக்கெட் பக்கத்தை இரண்டு தடவை கேட்பார். புட்டிப் பேச்சை ஒருவரும் எடுத்ததில்லை.

வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு வர சில வருஷங்கள் ஆயின. ஜாமீனில் வெளியே வந்த ராஜேந்திரன் மறுபடியும் வேன் ஓட்டினான். குடியிருப்புச் சாலையில் அவள் நடந்து போகும்போது வேனை மெதுவாக்கி, ஒன்றும் சொல்லாமல், பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வருவான். வீட்டு போன் அடிக்கும், எடுத்தால் பேச்சிருக்காது. ஒருதரம் மட்டும் ஒரு ஆண் குரல், "பொண்ணு பஸ்ஸுல தான இஸ்கூல் போவுது?" என்று கேட்டு வைத்தது. அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அனுவைத் தனியே விடவே இல்லை. சாட்சி சொல்லப்போவதில்லை என்று ஜெஸ்ஸி எத்தனையோ முறை முடிவெடுத்தாள். மறுநாள் காலையில் அந்த முடிவு நிற்காது.

நீதிமன்றத்துக்குப் போன அன்று கிறிஸ்துதாஸும் ஒரு சாட்சி என்பதால் அவனைத் தனியே உட்காரவைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் ராஜேந்திரனின் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். அதில் ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டே, உன் கண்ணும் போகும் என்பதுபோல, கண்ணிமைகளை விரலால் மெல்லத் தேய்த்துக் காட்டினான். ஜெஸ்ஸி திரும்பிப் போய்விடலாம் என்று படியை நோக்கி நடந்தாள்.

படியில் பொன்னி ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் வேலைக்கு வந்ததில்லை. ஜெஸ்ஸி எத்தனை முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. கூடவே ஆனந்தனின் மனைவி, வேண்டா என்று பெயர், கையில் ஒரு பையோடு. கொளுத்தும் வெயிலில் நடந்து வந்து இருவருக்கும் முகம் கறுத்திருந்தது.

"எங்கக்கா போற?"

"பொன்னி, எனக்குப் பயமா இருக்கு. என்னால முடியாது."

பொன்னி தாழ்வாரத்து ஆட்களை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு மட்டும் இன்னா, பயம் இல்லியா? காலைல இருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல. அவனுங்க எங்க தெருவுலதான கீறானுங்க, ஒன் தெருவுலயா கீறானுங்க?" அவள் ஜெஸ்ஸியின் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "நான் கதவுகிட்ட நிப்பேன். என்னப் பாத்து சொல்லு. அவனப் பாக்காத."

ஜெஸ்ஸி கூண்டில் ஏறினாள். சத்தமாகப் பேசும்படி நீதிபதி இரண்டு முறை சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், வீட்டில் சாராயம் ஊறப்போடுகிற பெண்ணின் வார்த்தையை எப்படி நம்புவது என்று கேட்டுச் சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள். அவள் கதவருகே பார்த்தாள். பொன்னியும் வேண்டாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஊறப்போட்டேன்," என்றாள் ஜெஸ்ஸி. "அதனாலதான் அந்தக் கேன் என் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவன் அவன்." கை நீட்டிக் காட்டும்போது விரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். அவள் விரலை மடக்கவில்லை.

தீர்ப்பு வர இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. ராஜேந்திரனுக்குத் தண்டனை கிடைத்தது. அவனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் யாரென்று கடைசிவரை வெளியே வரவில்லை. கேனில் இருந்ததும் செத்தவர்கள் வயிற்றில் இருந்ததும் ஒன்றுதான் என்று தீர்ப்பில் எழுதியிருந்ததாக வக்கீல் சொன்னார்.

சாட்சி சொன்ன அன்று மூவரும் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தே வந்தார்கள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஜெஸ்ஸி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பொன்னியும் பார்த்தாள். சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஒரே ஒரு இருக்கை கிடைத்தது. வேண்டாவை அதில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாலாற்றுப் பக்கத்துக் காற்று உள்ளே வந்ததும் பொன்னி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அனு எப்டிக்கா கீறா? வளந்துட்டாளா?"

"என் தோளுக்கு வந்துட்டா," என்றாள் ஜெஸ்ஸி.